வீட்டுக்காவலும் வீடும்

அமெரிக்க எழுத்தாளர் அமோர் டவுல்ஸ் 2016 இல் வெளியிட்ட ‘எ ஜென்டில்மேன் இன் மாஸ்கோ’ என்னும் நாவல், ரஷ்யப் புரட்சியை அடுத்து வந்த காலத்தை, 1922 முதல் 1954 வரை, ஏறக்குறைய முழுவதும் ஒரே கட்டடத்தின் உள்ளிருந்தே பார்க்கிறது. அலெக்சாந்தர் இலியிச் ரஸ்தோவ் என்னும் பிரபு 1922 ஜூன் 21 அன்று விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்படுகிறார்; புரட்சிக்கு முன்பே அவர் பெயரில் வெளிவந்து, மக்களை எழச் சொன்னதாகப் பாராட்டப்பட்ட ஒரு கவிதையின் பொருட்டு மரண தண்டனையிலிருந்து தப்புகிறார்; தாம் ஏற்கெனவே தங்கியிருந்த மெட்ரோபோல் ஹோட்டலிலேயே ஆயுள் முழுதும் அடைபட்டிருக்க வேண்டும் என்றும், அதன் வாசற்படியைத் தாண்டினால் சுட்டுக் கொல்லப்படுவார் என்றும் தீர்ப்பாகிறது. மூன்றாம் மாடியின் விசாலமான அறைகளிலிருந்து ஆறாம் மாடியில் முன்பு வேலையாட்கள் உறங்கிய சிற்றறை ஒன்றுக்கு அவர் மாற்றப்படுவதிலிருந்து கதை தொடங்குகிறது. நயமான உரையாடல், நல்ல உணவு, கெட்டிக்காரக் குழந்தைகள் என்று இனிமையாகவே நகரும் இந்நூலை விடுமுறை வாசிப்பாக எடுத்தவர்களே மிகுதி; ஆனால் அதன் அடியில் கிடப்பது மெய்யியலாளர்களும் சமயவாதிகளும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முடித்துக்கொள்ளாத ஒரு வழக்கு: அடைபட்டிருப்பவர் விடுதலை பெற்றவராகவும் இருக்க முடியுமா?

முடியும் என்று மிக உரத்துச் சொன்னவர்கள் ஸ்டோயிக்குகள். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் தோன்றி ரோமானியரிடையே செழித்த அம்மரபு, மனிதரின் ஆற்றலுக்கு உட்பட்டவை, உட்படாதவை என்று உலகை இரண்டாகப் பிரித்து, உடல், செல்வம், பதவி, பிறர் அபிப்பிராயம் ஆகிய அனைத்தையும் இரண்டாவது பட்டியலில் தள்ளி, அவற்றைப் பற்றிய தம் தீர்மானத்தை மட்டுமே ஒருவருக்கு உரியதாக விட்டுவைத்தது. அதன் பெரிய ஆசான்களுள் ஒருவரான எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்தவர், கால் ஊனமுற்றவர், பேரரசர் டொமிஷியன் மெய்யியலாளர்களை வெளியேற்றியபோது ரோமைவிட்டு நிக்கோபொலிஸ் சென்று பள்ளி நடத்தியவர். ஆகவே சிறையைப் பற்றி அவர் சொன்னதை வெறும் பேச்சு என்று யாரும் ஒதுக்க முடியாது. சூழ்நிலையை ஆளாதவரைச் சூழ்நிலை ஆண்டுவிடும் என்ற பொருளில் ரஸ்தோவின் ஞானத்தந்தை சொல்லிவைத்த அறிவுரை நாவலில் திரும்பத் திரும்ப வருவதால், வாசகர்கள் பலரும் அவரை ஒரு ஸ்டோயிக்காகவே, கைப்பிடிக் கண்ணாடியும் முறுக்கு மீசையும் உடைய எபிக்டெட்டஸாகவே, எடுத்துக்கொண்டுவிட்டனர். நூலைக் கூர்ந்து படித்தால் அவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்பதும், அப்படி இருக்க அவர் முயன்ற ஆண்டுகளே அவரை மொட்டைமாடியின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தின என்பதும் தெரியும்.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு சொல் துணை நிற்கிறது. ‘விடு’ என்னும் வினையடியிலிருந்து வந்த ‘வீடு’ குடியிருக்கும் இல்லத்தையும் குறிக்கும், அறம், பொருள், இன்பம் என்ற வரிசையில் நான்காவதாக நிற்கும் முத்தியையும் குறிக்கும். அடைத்துக் காப்பதும் அவிழ்த்து விடுவதும் ஒரே சொல்லுக்குள் சண்டையின்றிக் குடியிருக்கின்றன. வீட்டுக்காவல் என்னும் புதிய தொடர் அந்தப் பழைய சொல்லின் மேல் ஒரு பூட்டைத் தொங்கவிட்டாலும், கேள்வியை அது கூர்மையாக்கவே செய்கிறது, ஏனெனில் முத்தி என்ற பொருளில் வீடு என்பது பற்றை விடுதல் என்றே பெரும்பாலான மரபுகள் கொண்டன. ஆயினும், பற்றை விடுவதற்கே இன்னொரு பற்று வேண்டியிருக்கிறது என்பதைத் துறவு அதிகாரம் எழுதிய வள்ளுவரே அதன் கடைசிக் குறளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரஸ்தோவின் கதை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்க்க இந்த ஒப்புதல் உதவும்.

மெட்ரோபோல் கற்பனைக் கட்டடம் அன்று. ரயில்வேத் தொழிலதிபரும் கலைப் புரவலருமான சவ்வா மாமந்தோவ் தொடங்கிவைத்து, 1899 இல் அவர் கைதான பிறகும் பணி தொடர்ந்து, வில்லியம் வால்கோட்டின் வடிவமைப்பில் 1905 இல் திறக்கப்பட்ட அது, போல்ஷோய் நாடக அரங்குக்கு எதிரே, கிரெம்ளினுக்கு நடை தூரத்தில் இன்றும் நிற்கிறது. அதன் முகப்பின் உச்சியில் ஓவியர் விரூபெல் வரைந்த ‘கனவு இளவரசி’ மஜோலிகா ஓடுகளில், அதாவது வண்ணப் பூச்சிட்டுச் சுட்ட களிமண் ஓடுகளில், பதிந்திருக்கிறது. அதே முகப்பில், பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரமே மனிதகுலத்தை மூலதனத்தின் நுகத்தடியிலிருந்து விடுவிக்கும் என்ற லெனினின் வாசகமும் பீங்கான் எழுத்துகளில் ஓடுகிறது. விடுதலை என்ற சொல்லைத் தன் நெற்றியிலேயே எழுதிவைத்திருக்கும் கட்டடத்தை ஒரு சிறைக்காகத் தேர்ந்தெடுத்த நாவலாசிரியர் அதைப் பெரிதாகச் சுட்டிக்காட்டாமல் விட்டது அவருடைய நல்ல ரசனை. 1917 இல் மாஸ்கோவில் நடந்த சண்டையில் குண்டடி பட்ட அந்த ஹோட்டல், 1918 இல் தலைநகர் பெத்ரோகிராதிலிருந்து மாறி வந்ததும் ‘சோவியத்துகளின் இரண்டாம் இல்லம்’ எனப் பெயர் மாற்றப்பட்டு, புதிய ஆட்சியின் அலுவலகமாகவும் அதன் தலைவர்களுடைய குடியிருப்பாகவும் ஆயிற்று. புரட்சி ஆடம்பரத்தை இடித்துத் தள்ளவில்லை, அதில் குடியேறியது.

ஆறாம் மாடிச் சிற்றறையில் ரஸ்தோவ் முதலில் செய்யும் காரியங்களுள் ஒன்று, துணி மாட்டும் அலமாரியின் பின்பலகையைப் பெயர்த்து, அதற்கப்பால் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பக்கத்து அறைக்குள் நுழைந்து, அதைத் தமக்கான ரகசியப் படிப்பறையாக ஆக்கிக்கொள்வது. அளவில் அது மற்றதைப் போலவே குறுகலானது. ஆனால் அவரை அங்கே யாரும் அடைக்கவில்லை, அங்கே அவர் தாமாகவே போகிறார். ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில் ஒன்று சிறையாகவும் மற்றது உலகமாகவும் தோன்றுவதற்கு வேறு காரணம் இல்லை. 1790 இல் தூரின் நகரில் வாள்போட்டி ஒன்றில் ஈடுபட்ட குற்றத்துக்காக 42 நாள் வீட்டுக்காவலில் இருந்த சேவியர் த மேஸ்த்ர், தம் அறையைச் சுற்றி ஒரு பயணநூலே எழுதியதும் இந்த அறிவினால்தான். பின்னாளில் அவர் ரஷ்யாவுக்குக் குடிபெயர்ந்து 1852 இல் பீட்டர்ஸ்பர்கில் இறந்தார் என்பது ரஸ்தோவின் படிப்பறைக்கு எதிர்பாராத ஒரு முன்னோரைத் தந்துவிடுகிறது. எனினும் 42 நாள் என்பது வேறு, முப்பத்திரண்டு ஆண்டு என்பது வேறு. விளையாட்டால் கழிக்கக்கூடிய காலத்துக்கு ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லை ஹோட்டலின் நிலவறையில் வருகிறது. ஒயின்களின் பட்டியலும் அவற்றுக்கான தனித்தனி விலைகளும் புரட்சியின் நோக்கத்துக்கு முரணானவை என்று மேலிடத்துக்கு ஒரு புகார் போனதன் விளைவாக, நிலவறையில் உள்ள அத்தனை புட்டிகளின் பெயர்ச்சீட்டுகளும் கிழிக்கப்பட்டு, இனிமேல் சிவப்பு, வெள்ளை என்ற இரண்டு வகை மட்டுமே, ஒரே விலையில், பரிமாறப்படும் என்று ஆகிவிடுகிறது. இருட்டில் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும் பெயரற்ற புட்டிகளுக்கிடையே நடந்துபோகும் ரஸ்தோவ், தாம் தேடும் ஒன்றைக் கண்ணால் அல்லாமல் விரல்நுனியால் கண்டுபிடிக்கிறார்: ஷாத்தோநொஃப்-து-பாப் என்னும் ஊரின் புட்டிக் கண்ணாடியில் குறுக்காக அமைந்த இரண்டு சாவிகள் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும், சீட்டைக் கிழித்தாலும் அதை அழிக்க முடியாது. தம்முடைய உலகம் முடிந்துவிட்டது என்று அவர் உணர்வது கைதான நாளில் அல்ல, இந்த நிலவறையில்தான். இறந்த தங்கையின் பத்தாவது நினைவு நாளில் அந்தப் புட்டியைத் திறந்து அருந்திவிட்டு உயிரை விடுவது என்று முடிவு செய்துகொள்கிறார்.

நாவலின் மெய்யியல் இந்தக் காட்சியில் இருக்கிறது; அதை ஆட்சியின் அபத்தத்தைக் கேலி செய்யும் நகைச்சுவையாக மட்டும் படிப்பது போதாது. சீட்டைக் கிழிப்பது போல்ஷெவிக்குகள் கண்டுபிடித்த வேலை அன்று. ரோமப் பேரரசரும் ஸ்டோயிக்குமான மார்க்கஸ் அரேலியஸ், தம் தனிக் குறிப்புகளில், பெயர்பெற்ற ஃபலெர்னிய ஒயினை வெறும் திராட்சைச் சாறு என்றும், தம்முடைய அரச ஊதா அங்கியைச் சிப்பியின் குருதி தோய்ந்த ஆட்டு மயிர் என்றும் எண்ணிப் பழகவேண்டும் என்று தமக்குத் தாமே பாடம் சொல்லிக்கொண்டார். பொருள்களின் மேல் மனிதர் ஒட்டிவைத்த பெயரையும் பெருமையையும் உரித்துவிட்டால் ஆசையும் உரிந்துவிடும், ஆசை உரிந்தவரை யாராலும் அடைத்துவைக்க முடியாது என்பது அப்பயிற்சியின் தருக்கம். பேரரசர் தம் மனத்துக்குள் செய்ததைப் புதிய ஆட்சி நிலவறையில் செய்தது. ஒன்று துறவு, மற்றது சமத்துவம். நோக்கம் வேறாயினும் இரண்டிடமும் மிஞ்சுவது சிவப்பு, வெள்ளை என்ற இரண்டே வகைதான். ரஸ்தோவ் உண்மையில் ஸ்டோயிக்காக இருந்திருந்தால் பெயரற்ற புட்டிகளைக் கண்டு, தமக்கு ஒரு வேலை மிச்சம் என்று மகிழ்ந்திருக்க வேண்டும், அவர் இடிந்துபோகிறார்.

1926 ஜூனில் அவர் கூரைமேல் ஏறி நிற்கும்போது அவரைத் தடுப்பதும் ஒரு வாதம் அன்று. அங்கே தேன்கூடுகளை வைத்துப் பராமரிக்கும் ஆப்ரம் என்னும் முதியவர், எப்போதோ பறந்துபோய்விட்ட தேனீக்கள் திரும்பி வந்துவிட்டன என்று சொல்லி ஓடிவந்து ஒரு கரண்டி தேனைச் சுவைக்கத் தருகிறார். அதில் மாஸ்கோவின் மரங்கள் எவையும் இல்லை, ரஸ்தோவ் வளர்ந்த நீஷ்னி நோவ்கரத் ஆப்பிள் தோட்டங்களின் பூமணம் இருக்கிறது. இயற்கை அறிவு இதை அனுமதிக்காது, நானூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோட்டத்துக்கு எந்தத் தேனீயும் போய்வருவதில்லை. நூலில் சமய அற்புதத்துக்கு மிக அருகில் வரும் இடம் இதுவே. சீட்டுக் கிழிக்கப்பட்ட உலகத்தில், எழுத்தே இல்லாமல் தன் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு துளி வருகிறது. அவரை மீட்பது ஆசையின் அழிவு அல்ல, ஒரு குறிப்பிட்ட மண்ணின் மேல், ஒரு குறிப்பிட்ட சுவையின் மேல் உள்ள பற்று. ஸ்டோயிக்குகள் கண்டித்த அதே நோய்தான் இங்கே மருந்தாகிறது. அவர் மறுநாள் ஹோட்டலின் பெரிய உணவகத்தில் பரிசாரகர் வேலைக்குக் கேட்டுப் போகிறார்.

அதற்குப் பிறகு வரும் பாதி நூல் இந்தப் பற்றுக்கு அவர் கொடுக்கும் வட்டி என்றே சொல்லலாம். சிறுமியாக இருந்தபோது ஹோட்டலின் ரகசியக் கதவுகளை எல்லாம் அவருக்குக் காட்டிக்கொடுத்த நீனா, 1938 இல் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட கணவரைத் தேடிப் போகும் வழியில், தன் மகள் சோஃபியாவை அவரிடம் விட்டுச் செல்கிறாள், திரும்பி வருவதில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பெண் மாடிப்படியில் விழுந்து மண்டையில் அடிபட்டதும், வாசற்படியைத் தாண்டினால் மரணம் என்பதை ஒரு கணமும் எண்ணாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ரஸ்தோவ் தெருவில் ஓடுகிறார். இருபத்துநான்கு ஆண்டுகளில் அவர் வெளியே காலெடுத்து வைப்பது அதுவே முதல் முறை, அதுவும் சுதந்திரத்துக்காக அல்ல. தம் விடுதலையை நினைத்துக்கொண்டிருந்தவரை அவரால் கடக்க முடியாத கதவு, அதை மறந்த நேரத்தில் திறந்தே கிடந்தது.

இதற்கெதிரான வலுவான மறுப்பை ஐசையா பெர்லின் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார். 1909 இல் ரீகாவில் பிறந்து, 1917 இன் இரண்டு புரட்சிகளையும் பெத்ரோகிராதில் சிறுவனாகக் கண்டு, பின்னர் பிரிட்டனில் குடியேறிய அந்த மெய்யியலாளர், 1958 இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், வெளியுலகத்தை வெல்ல முடியாதவர் தமக்குள்ளேயே ஒரு கோட்டை கட்டிக்கொண்டு பின்வாங்குவதைச் சுதந்திரம் என்று அழைப்பது மோசடி என்று வாதிட்டார்; காலில் புண் வந்தால் அதை ஆற்றாமல், காலையே வெட்டிவிட்டு வலி தீர்ந்தது என்பது போன்றது அது என்பது அவர் உவமை. சிறைவைப்பவருக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்காது. ரஸ்தோவைப் பொறுத்தவரை இம்மறுப்பு பாதிதான் பொருந்தும், ஏனெனில் அவர் காலை வெட்டவில்லை: இசைக்குழுவுடன் பாரிஸ் செல்லும் சோஃபியாவை அங்கேயே தப்பவைத்து, தாமும் ஹோட்டலைவிட்டு வெளியேறுகிறார். ஆனால் அவர் போய்ச் சேரும் இடம் பாரிஸ் அல்ல, நீஷ்னி நோவ்கரத்.

பொருந்தும் அந்த மறுபாதி, கதை நிகழும் ஆண்டைக் கவனித்தால் உறுத்தும். ரஸ்தோவ் தண்டிக்கப்படும் அந்த 1922 ஜூனில், மெட்ரோபோலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த சங்கங்களின் மாளிகையில், சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சித் தலைவர்கள் மீது உண்மையாகவே வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரிலும் நவம்பரிலும் பெத்ரோகிராதிலிருந்து ஸ்டெட்டின் துறைமுகத்துக்குப் புறப்பட்ட இரண்டு ஜெர்மன் கப்பல்களில் பெர்தியாயெவ், ஃப்ராங்க், லோஸ்கி போன்ற சமய மெய்யியலாளர்கள் குடும்பத்தோடு ஏற்றி அனுப்பப்பட்டனர். ‘மெய்யியலாளர் கப்பல்’ என்று வரலாறு அழைக்கும் அந்த நாடுகடத்தலில், திரும்பி வந்தால் சுட்டுக் கொல்லப்படுவோம் என்று அறிந்ததாக அவர்கள் கையொப்பமிட வேண்டியிருந்தது. ரஸ்தோவ் வெளியேறினால் சாவார், பெர்தியாயெவ் உள்ளே வந்தால் சாவார்: ஒரே தீர்ப்பின் இரண்டு பக்கங்கள். மனித சுதந்திரம் கடவுளாலும் படைக்கப்படாதது, படைப்புக்கும் முந்தியது என்று பிற்காலத்தில் எழுதப்போகிற பெர்தியாயெவ் தம் நாட்டின் வாசற்படியைத் தாண்ட முடியாதவராகக் கிளமாரில், பாரிஸின் புறநகரில், 1948 இல் இறந்தார்.

மாஸ்கோவிலேயே, அதே மாதங்களில், உண்மையான வீட்டுக்காவல் ஒன்றும் இருந்தது. பஞ்ச நிவாரணத்துக்கென்று அரசு ஆலயங்களின் பொன், வெள்ளிப் பாத்திரங்களைக் கைப்பற்றியதை எதிர்த்த வழக்கில், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை தீகோன் 1922 மே மாதத்தில் தோன்ஸ்கோய் மடத்தின் வாயிலை அடுத்த சிறு வீட்டில் காவலில் வைக்கப்பட்டார். நாளுக்கு ஒருமுறை மதில்மேல் நடைபாதைக்கு வர அனுமதி உண்டு. கீழே காத்திருப்பவர்களை அவர் தொலைவிலிருந்தே கையுயர்த்தி ஆசீர்வதிப்பார். ரஷ்யத் துறவு மரபில் அடைபடுதல் இழிவானது அன்று: ‘ஸத்வோர்’ எனப்படும் அடைப்புத் தவத்தை ஏற்பவர் அறைக்கதவைத் தாமே சாத்திக்கொண்டு, பிறரைக் காணாமல், வழிபாட்டிலும் எழுத்திலும் காலம் கழிப்பார். ஆயர் பதவியைத் துறந்து விஷா மடத்தில் 1872 முதல் 1894 இல் இறக்கும்வரை அவ்வாறு வாழ்ந்த ஃபியோஃபான், அந்த அறையிலிருந்து எண்ணற்ற கடிதங்களால் பலருக்கு வழிகாட்டினார். கதவைச் சாத்தியவர் யார் என்பதே தவத்துக்கும் சிறைக்கும் உள்ள வேறுபாடு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மதில்மேல் நின்ற தீகோனின் நிலை எந்தப் பக்கம் சேரும்? கதவைச் சாத்தியது அரசு, ஆசீர்வதித்த கை அவருடையது. அங்கேயும் விடுதலையின் அளவு, உள்ளே எவ்வளவு அமைதி இருந்தது என்பதால் அல்ல, கீழே யாருக்காக அந்தக் கை உயர்ந்தது என்பதால்தான் தெரிகிறது.

ரஸ்தோவின் மேசையையும் மறந்துவிடக் கூடாது. அவர் ஆறாம் மாடிக்கு எடுத்துச்சென்ற சில பொருள்களுள் ஒன்றான அந்தப் பழைய மேசையின் கால்களைக் குடைந்து, உள்ளே தங்க நாணயங்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவருடைய நிதானத்துக்கு மெய்யியல் எவ்வளவு காரணமோ அந்த நாணயங்களும் அவ்வளவு காரணம். அவர் வளர்ந்த வோல்கா கரை நாடு 1921-22 இல் பெரும்பஞ்சத்தில் கிடந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது லட்சம் என்று கணக்கிடப்படுகிறது. அந்தப் பசி ஹோட்டலின் கண்ணாடிக் கூரைக்குள் வருவதில்லை. டவுல்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. ரஸ்தோவின் நண்பரான மிஷ்கா, செகாவின் கடிதத் தொகுப்பிலிருந்து ஜெர்மானிய ரொட்டியைப் புகழும் சில வரிகளை நீக்கச் சொன்னதற்கு எதிராகக் கொதித்தெழுந்து, அதன் விளைவாக முகாமுக்கு அனுப்பப்பட்டு அழிகிறார். ஒருவர் தேனால் பிழைக்கிறார், ஒருவர் ரொட்டியால் அழிகிறார். இருவரையும் இயக்கியது ஒரே வகைப் பற்று, ஆனால் ஒருவருக்கு மட்டுமே ஹோட்டல் இருந்தது. நூலின் மிக நேர்மையான பகுதி மிஷ்காவினுடையது, அதற்கு ஒதுக்கிய பக்கங்கள் போதா என்பது குறைதான்.

நாவலின் நீனாவோடு ஏறக்குறைய ஒரே வயதுடைய ஒரு சிறுமி உண்மையான மெட்ரோபோலில் வளர்ந்தாள். 1914 இல் பிறந்த அன்னா லாரினா, கட்சிப் பொருளியலாளரான யூரி லாரினின் வளர்ப்பு மகள். அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் போல்ஷெவிக் தலைவர் நிக்கோலாய் புகாரின் குடியிருந்தார். சிறுவயதில் அவருக்குத் தான் எழுதிய காதல் கடிதத்தைக் கொண்டுபோகும்போது, படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஸ்டாலினிடமே அதைக் கொடுத்து புகாரினிடம் சேர்க்கச் சொன்னதாக லாரினா தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னர் அவர் புகாரினை மணந்தார். 1937 பிப்ரவரியில், தாம் கைதாகப் போவதை உணர்ந்த புகாரின், எதிர்காலக் கட்சித் தலைவர்களுக்கென்று ஒரு கடிதம் எழுதி, அதை லாரினாவைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யவைத்துவிட்டுத் தாளை அழித்தார். 1938 மார்ச்சில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். லாரினா சிறையிலும் முகாமிலும் நாடுகடத்தலிலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்தார். பிரிந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகனை அவர் மீண்டும் கண்டது அவனுக்கு இருபது வயதானபோது. பறிக்க முடியாத ஓர் அறை மனத்துக்குள் உண்டு என்ற ஸ்டோயிக்குகளின் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அந்த அறைக்குள் அவர் காத்துவைத்திருந்தது தம்முடைய அமைதியை அல்ல, இன்னொருவர் வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தை. மறந்துவிடக் கூடாதென்று அதை இரவுகளில் ஓசையின்றி ஒப்பித்துக்கொண்டே இருந்தார். அது அச்சில் வந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகே.